யார் சொல்லி அடிக்கிறோம்?

(மாணவர் முகாம் ஒன்றில் பேசியது. ஒலிப்பதிவிலிருந்து எழுதியபோது சில இடங்களைச் சுருக்கியும் சில இடங்களை விரித்தும் இருக்கிறேன். பேச்சு வழக்கை முழுசாக மாற்றவில்லை.)



என்னைக் கவிதை வாசிக்கத்தான் கூப்பிட்டாங்க. நேற்று ராத்திரி அமைப்புத் தோழர் போன் பண்ணி, "கவிதைய இன்னொரு நாள் வச்சிக்கலாம். நீங்க இன்னும் கோயிலுக்குப் போறீங்க, பாடகர் குழுவுல பாடுறீங்க, நம்ம மேடைக்கும் வர்றீங்க. இது எப்படின்னு பசங்க கேக்குறாங்க. அதப் பேசுங்க" என்றார். நியாயமான கேள்விதான். எனக்குள்ளேயும் பல வருசமாகக் கிடக்கிற கேள்வி. நான் இறையியல் படித்தவனில்லை. பி.காம். முடித்துவிட்டு வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து ரூபாய் எண்ணுகிறவன். அதனால் தத்துவமாகப் பேச வராது. என் பிழைப்பிலிருந்தும் எங்க ஊரிலிருந்தும் பேசுகிறேன். ஊர்ப் பேரைச் சொல்லப்போவதில்லை. பயந்துகொண்டு அல்ல. பேரைச் சொன்னால், "அந்த ஊரு அப்படிப்பட்ட ஊரு" என்று மற்ற ஊர்கள் தப்பித்துக்கொள்ளும்.

முதலில் கவுண்டர். என் மேசையில் பேர்ப்பலகை இருக்கிறது. புனிதர் ஒருத்தருடைய பேர். கூட வேலை பார்க்கிற ஒருத்தர், நல்ல மனுசர், டீ குடிக்கும்போது கேட்டார்: "சார் நீங்க கிறிஸ்டியன். அப்ப எஸ்.சி. கோட்டாவுல வரலியா?"

"இல்ல சார், ஓ.பி.சி."

"அப்ப நீங்க எஸ்.சி. இல்லியா?"

இதற்கு என்ன பதில் சொல்வது? அரசாங்கக் காகிதத்தில் இல்லை. எங்க ஊர் ஊர்த்தெருவில் ஆமாம். எங்க பங்குக் கோயில் கல்லறைத் தோட்டத்தில் ரொம்பவே ஆமாம். செத்தபிறகும் ஆமாம். ஒரே ஆள் மூணு இடத்தில் மூணு ஆளாக இருக்க வேண்டியிருக்கிறது. தலித் கிறித்தவன் என்ற சொல்லுக்கு நான் தருகிற விளக்கம் இதுதான்.

எங்க பெரியப்பா மகன் அண்ணன் ஒருத்தர் இருக்கிறார். அவரைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார், "இந்துன்னு போட்டுக்கப்பா, பய படிச்சி மேல வருவான்" என்றாராம். பெரியப்பா சரி என்று விட்டார். அண்ணனுக்கு ரெண்டு பேர். ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒன்று, சான்றிதழில் ஒன்று. இன்றைக்கு அரசாங்க வேலையில் இருக்கிறார். பூசைக்கு வந்தால் கடைசித் தூணுக்குப் பின்னால் நிற்பார். யாராவது போட்டோ எடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவர் கும்பிடுகிற சாமி அவர் வேலைக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. எங்க அப்பாவோ, "பேர மாத்தி எழுத மாட்டேன்" என்று ஒரே பிடி. அதனால் எனக்கு ஒரே பேர். அண்ணனை நான் ஒருநாளும் குறைவாக நினைத்ததில்லை. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண், எழுத்தர் வேலைக்காக எஸ்.சி. சான்றிதழ் கேட்டு வழக்குப் போட்டவர். கிறித்தவத்தைப் பின்பற்றிக்கொண்டே இந்து என்று சொல்லிச் சலுகை கேட்பது அரசியலமைப்பை ஏமாற்றுவது என்று நீதிமன்றம் சொன்னது. அதைப் படித்த அன்றைக்கு எனக்கு அண்ணனின் முகம்தான் ஞாபகம் வந்தது. யார் யாரை ஏமாற்றினார்கள் என்பது வேறு கதை. அதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது பறைக்கு வருவோம்.

எங்க ஊரில் ஊர்த்தெருக்காரர்களும் கத்தோலிக்கர்கள்தான், சேரிக்காரர்களும் கத்தோலிக்கர்கள்தான். ஒரே கோயில், ஒரே சாமியார், ஒரே நற்கருணை. எங்க தாத்தாவுடைய வேலை, ஊர்த்தெருவில் சாவு விழுந்தால் சேதி சொல்லப்போவது, பறையடிப்பது, குழி வெட்டுவது. வேதத்துக்கு வந்து மூணு தலைமுறை ஆகியும் அந்த வேலை மாறவில்லை. கூலி என்பது கொஞ்சம் நெல், ஒரு துண்டு, சாராயம். வீட்டிலிருந்து பறை அடித்துக்கொண்டே கோயில் கேட் வரைக்கும் போகணும். கேட் வந்ததும் நிறுத்திவிடணும். உள்ளே ஆர்மோனியம் ஆரம்பிக்கும். பூசை முடியும்வரை தாத்தா புளியமரத்தடியில் உட்கார்ந்திருப்பார். பெட்டி வெளியே வந்ததும் மறுபடி அடிக்கணும், கல்லறை வரைக்கும். எங்க ஊரில் 'புனித இசை' என்பதன் எல்லை அந்த இரும்புக் கேட்.

1980களில் எங்க தெரு இளைஞர்கள் கூடி முடிவெடுத்தார்கள்: இனி சாவுக்கு அடிக்கமாட்டோம், சேதி சொல்லப் போகமாட்டோம், குழி வெட்டமாட்டோம். அந்தக் கூட்டத்தில் எங்க அப்பாவும் ஒருத்தர். அந்த வருசம் எங்க தெருப் பெண்களுக்கு நடவு வேலை கிடைக்கவில்லை. களத்துமேட்டுப் பாதையை அடைத்தார்கள். பங்குச் சாமியார் வந்து சமாதானம் பேசினார். சமாதானம் என்றால், "பழையபடி இருங்க" என்பதுதான். அப்பா தாத்தாவின் பறையை எடுத்து அடுப்பில் வைத்துவிட்டார். தோல் கருகிய நாத்தம் மூணு நாள் வீட்டைவிட்டுப் போகவில்லை என்று அம்மா சொல்லும். தாத்தா ஒன்றும் பேசவில்லையாம். அப்பா கொத்தனார் வேலைக்குப் போனார். நான் பிறந்தபோது எங்க வீட்டில் பறை இல்லை. நான் கேட்டு வளர்ந்தது கோயில் பாட்டுத்தான்.

எனக்குப் பாட்டு வரும். பத்து வயதிலேயே பாடகர் குழுவில் சேர்த்துவிட்டார்கள். சேர்த்தார்கள் என்பதே எங்க தெருவுக்கு ஒரு சேதி. சிஸ்டர் ஒருத்தர் பிடிவாதமாக நின்று சேர்த்தார். முதல் மூணு மாசம் என் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை. ஆனால் பாட ஆரம்பித்துவிட்டால் குரல்கள் கலந்துவிடுமில்லையா? எந்தக் குரல் எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்று பிரிக்க முடியாது. இதைத்தான் நான் விசுவாசம் என்று முதன்முதலில் அனுபவித்தேன். பாட்டு முடிந்ததும் மறுபடி பிரிந்துவிடுவோம். அந்த நாலு நிமிசத்துக்காக நான் வாரா வாரம் போனேன். இன்னும் போகிறேன்.

கல்லூரிக்கு வந்து வாசிக்கத் தொடங்கியபிறகு, எது 'புனித இசை' என்று யார் தீர்மானிக்கிறார்கள் என்ற கேள்வி வந்தது. தேடிப் படித்தேன். 1903 நவம்பரில் பத்தாம் பத்திநாதர், அதாவது பத்தாம் பயஸ், திருப்பாடல் இசை பற்றி ஓர் ஆணை வெளியிட்டார். கோயிலுக்குள் பியானோ கூடாது, முரசு, தாளம் போன்ற 'சத்தம்போடும்' கருவிகள் கூடாது, பெண்கள் பாடகர் குழுவில் சேரக்கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. பிறகு இரண்டாம் வத்திக்கான் சங்கம் வந்தது. 1963 டிசம்பரில் வந்த திருவழிபாட்டு ஆவணம் இலத்தீனின் பிடியைத் தளர்த்தியது. அவரவர் மக்களின் இசை மரபுக்கு உரிய மதிப்புக் கொடுக்கச் சொன்னது. ஆர்கனைத் தனியாக உயர்த்திப் பேசினாலும் மற்றக் கருவிகளுக்கும் வாசலைத் திறந்தது. நல்லது. ஆனால் 1967இல் வந்த அடுத்த அறிவுரையில் ஒரு நிபந்தனை இருக்கிறது. பொதுவான கருத்திலும் பழக்கத்திலும் உலக இசைக்கு மட்டுமே உரியவை என்று கருதப்படுகிற கருவிகள் வழிபாட்டில் கூடாது.

'பொதுவான கருத்து' என்கிறார்களே, அது எந்தத் தெருவின் கருத்து? ரோமிலிருந்து எழுதுகிறவருக்கு எங்க ஊரில் ரெண்டு தெரு இருப்பது தெரியாது. இங்கே அந்த வார்த்தையைப் படித்து நடைமுறைப்படுத்துகிறவருக்கு நன்றாகவே தெரியும்.

இசைக்கருவியில் பிறப்பிலேயே புனிதம் என்று ஒன்று கிடையாது, தோழர்களே. ஆர்கனையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மூதாதையான நீர்-ஆர்கன் ரோமானிய அரங்குகளில், கிளாடியேட்டர்கள் வெட்டிக்கொண்டு சாகும்போது வாசிக்கப்பட்டது. லிபியாவின் ஸ்லிட்டென் என்ற இடத்தில் கிடைத்த பழைய மொசைக் சித்திரத்தில் அதைப் பார்க்கலாம். கொலைக்களத்தில் ஊதியது பிறகு பீடத்துக்கு வந்துவிட்டது. ஆர்மோனியம் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்த சாமான். இந்திய இசைக்கு ஒவ்வாதது என்று 1940இல் அகில இந்திய வானொலி அதைத் தடைசெய்தது. எங்க கோயிலில் அது பாட்டன் சொத்து மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

மிருதங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'பண்பாட்டுமயமாதல்' என்று சொல்லிக் கோயிலுக்குள் முதலில் வந்த தோல்கருவிகளில் அதுவும் ஒன்று. அதற்கு யாரும் முகம் சுளிக்கவில்லை. அதில் இருப்பது என்ன? மாட்டுத்தோல், எருமைத்தோல், ஆட்டுத்தோல். அதைச் செய்கிறவர்கள் யார்? 2020இல் டி.எம். கிருஷ்ணா மிருதங்கம் செய்பவர்கள் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று பேர். தஞ்சாவூர் செவத்தியான் பரம்பரையைப் பற்றியது. செய்கிறவர்களில் பெரும்பாலோர் தலித் கிறித்தவர்கள். அந்தப் புத்தக வெளியீட்டுக்கு முதலில் அனுமதி கொடுத்த கலாக்ஷேத்ரா பிறகு இடம் தர மறுத்தது. வாசிக்கிறவர் மேடையில், தோல் வார்த்துக் கொடுத்தவர் வாசலில். பறையும் அதே மாட்டின் தோல்தான். அப்படியானால் தீட்டு தோலில் இல்லை. தோலைக் கையில் வைத்திருப்பவன் எந்தத் தெரு என்பதில் இருக்கிறது. பறையனின் பேரே 'பரையா' என்று ஆங்கில அகராதிக்குள் போய், உலகம் முழுக்க ஒதுக்கப்பட்டவன் என்று பொருள் தருகிறது. ஒரு வாத்தியத்தின் பேர் இப்படி வசைச்சொல்லாகி ஊர் ஊராகப் போன கதை வேறெங்காவது உண்டா?

இப்படியெல்லாம் படித்துவிட்டு, சூடாக இருந்த வயசு. 2012இல் எங்க பங்குக்குப் புதிதாக ஓர் இளம் சாமியார் வந்திருந்தார். அவரே சொன்னார்: "தம்பிகளா, பாஸ்கா திருவிழிப்புல 'உன்னதங்களிலே' பாடும்போது பறை அடிச்சா என்ன?" தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பெரிய வியாழன் பூசையில் 'உன்னதங்களிலே' பாடி முடித்தபிறகு கோயில் மணியைக் கட்டிவிடுவார்கள். பெரிய வெள்ளி முழுக்க மணி கிடையாது, மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். உயிர்ப்பு இரவில் அந்தப் பாட்டை மறுபடி எடுக்கும்போதுதான் எல்லா மணிகளும் சேர்ந்து ஒலிக்கும். அந்த இடத்தில் பறை. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் ரெண்டு மாசம் கற்றுக்கொண்டோம். ஆறு பேர். அந்த இரவு இன்னொன்றும் நடந்தது. திருவிழிப்பு கோயிலுக்கு வெளியே நெருப்பு மூட்டித்தான் தொடங்கும். புதுத்தீ என்பார்கள். அந்தத் தீயிலிருந்துதான் பாஸ்கா திரியை ஏற்றுவார்கள். பறையையும் நெருப்பில் காய்ச்சினால்தான் தோல் விறைக்கும், சத்தம் வரும். சாமியார் தீயை மந்திரித்துத் திரி ஏற்றிக்கொண்டு உள்ளே போனதும், நாங்கள் அதே தீயில் பறையைக் காய்ச்சினோம். யாரும் திட்டம்போட்டுச் செய்யவில்லை. வேறு தீ இல்லை, அவ்வளவுதான். 'உன்னதங்களிலே' தொடங்கியதும் கேட்டைத் தாண்டி, படியேறி, நடுவாசல் வழியாக அடித்துக்கொண்டே பீடம் வரைக்கும் போனோம். எங்க தாத்தா நிறுத்திய இடத்தைத் தாண்டிவிட்டோம் என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. ஊர்த்தெருக்காரர்கள்கூட எழுந்து போகவில்லை. சில பேர் செல்போனில் படம் எடுத்தார்கள்.

பூசை முடிந்து அப்பாவைத் தேடினேன். காணோம். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பாதியிலேயே எழுந்து வந்திருக்கிறார்.

"ஏம்ப்பா வந்துட்ட?"

"நாங்க தூக்கி எறிஞ்சத நீங்க பொறுக்கிட்டு வந்து பீடத்துல வைக்கிறீங்க."

"அது வேறப்பா, இது வேற. அன்னைக்கு அடிமையா அடிச்சோம். இன்னைக்கு உரிமையா அடிக்கிறோம்."

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "இன்னைக்கு யாரு சொல்லி அடிச்சீங்க?"

"சாமியார்தான் சொன்னாரு."

"அன்னைக்கும் ஒருத்தன் சொல்லித்தாண்டா அடிச்சோம்."

எனக்குக் கோபம்தான் வந்தது. பழைய தலைமுறை, இழிவையும் கலையையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர் என்று நினைத்தேன். எதிர்ப்பண்பாடு, குறியீட்டை மீட்டெடுத்தல் என்றெல்லாம் நான் அப்போது கட்டுரை எழுதிக்கொண்டிருந்தவன்.

ஒரு மாசம்தான். ஊர்த்தெருவில் ஒரு பெரியவர் இறந்துபோனார். அவர் மகன், பங்குப் பேரவையில் இருக்கிறவர், எங்க தெருமுனைக்கு ஆள் அனுப்பினார். "ஏம்ப்பா, பசங்க ஈஸ்டருக்கு அருமையா அடிச்சானுங்களே. அப்பாவுக்கு வந்து அடிச்சிட்டுப் போகச் சொல்லு. பணம் கூடவே தர்றோம்." அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பாராட்டாகத்தான் சொன்னார். அதுதான் என்னைக் கொன்றது. உயிர்ப்பின் பறையை அவர் ரசித்துக் கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு, சேரியில் மறுபடி பறையடிக்க ஆள் இருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டிருக்கிறார். 1980களில் எங்க அப்பா தலைமுறை நடவு வேலையை இழந்து மூடிய கதவை, நாங்கள் கலை என்ற பேரில் திறந்துவைத்திருக்கிறோம்.

நாங்கள் போகவில்லை. சாமியார் கூப்பிட்டுப் பேசினார். "சாவு வீடு. ஒரு பிறரன்பு வேலையா நெனச்சிக்கலாமே?" நான் கேட்டேன்: "சாமி, பிறரன்புன்னா ரெண்டு பக்கமும் இருக்கணுமில்ல? போன வருசம் எங்க பாட்டி செத்தப்ப கோயில் தூம்பா ஏன் தரல?"

தூம்பா என்றால் சவப்பெட்டியை வைத்துத் தூக்குகிற மரச் சப்பரம். பெரிய வெள்ளி இரவில் இறந்த ஆண்டவரின் சுரூபத்தை வைத்துத் தூக்குவதும் தூம்பாதான். எங்க ஊரில் ரெண்டு தூம்பா. கோயிலுக்குள் இருப்பது ஊர்த்தெருவுக்கு. எங்க தெருக் கொட்டகையில் இருப்பது எங்களுக்கு. பெரிய தெரு வழியாக எங்க பிணம் போகாது, வாய்க்கால் கரையோடு போகும். கல்லறைத் தோட்டத்துக்கு நடுவில் ஒரு வரப்பு. கோயிலுக்குள் பறை போய்விட்டது. பாட்டி போகவில்லை.

அப்போது ஒரு முடிவெடுத்தோம். இந்தமுறை யாரும் சொல்லி அல்ல, நாங்களே கூடி எடுத்த முடிவு. ஒரே தூம்பா, ஒரே பாதை, ஒரே கல்லறை என்று ஆகிறவரை கோயிலுக்குள் பறை அடிக்கமாட்டோம். அடுத்த பாஸ்காவில் சாமியார் எவ்வளவோ கேட்டார். மேலிடத்திலிருந்து விருந்தினர் வருகிறார்கள், பறை இருந்தால் நன்றாக இருக்கும் என்றார். அடிக்கவில்லை. மணி மட்டும் அடித்தது. நான் பாடகர் குழுவில் நின்று பாடினேன். பறை இல்லாத அந்த இடைவெளி எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. பூசை முடிந்து வெளியே வந்தால் அப்பா நெருப்புப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அந்த வருசம் அவர் பாதியில் எழுந்து போகவில்லை.

இப்போது தூம்பாப் பிரச்சினை ஒருமாதிரி முடிந்துவிட்டது. எப்படி? மனம் மாறி அல்ல. டவுனிலிருந்து கண்ணாடிப் பெட்டி வண்டி வாடகைக்கு வர ஆரம்பித்தது. ரெண்டு தெருவும் அதையே எடுக்கிறது. காசு கொடுத்தால் வண்டிக்காரர் தெரு பார்ப்பதில்லை. திருச்சபை செய்யாததை வாடகை வண்டி செய்தது. ஆனால் வரப்பு அப்படியே இருக்கிறது. அதனால் கோயிலுக்குள் பறை இன்னும் இல்லை.

இனி அரசியல். 1950 ஆகஸ்ட் 10 அன்று குடியரசுத் தலைவர் ஆணை வந்தது. அதன் மூன்றாவது பத்தி, இந்து மதம் தவிர வேறு மதத்தைச் சேர்ந்த எவரையும் பட்டியல் சாதியாகக் கருதமுடியாது என்றது. 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறித்தவரும் முஸ்லிமும் வெளியே. இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனவர் யார் தெரியுமா? ஆயர் இல்லை, பேராசிரியர் இல்லை. சென்னைச் சாலையோரத்தில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த சூசை. செருப்புத் தைக்கிறவர்களுக்கு அரசு இலவசமாகச் சின்னப் பெட்டிக்கடை கொடுத்தது. சூசை கிறித்தவர் என்று மறுத்துவிட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்து அதே ஊசியால் தைக்கிற இந்துத் தோழருக்குக் கிடைத்தது. 1985இல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. மதம் மாறியபிறகும் அதே அளவு கொடுமை தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் வைக்கப்படவில்லை என்றது.

ஆதாரம்! எங்க ஊர் வரப்பை அளந்து கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அந்த மூன்றாவது பத்தியை நீக்கச் சொல்லிப் பரிந்துரைத்தது. நீக்கவில்லை. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள்.

ஆகஸ்ட் 10ஐக் கறுப்பு நாளாக அனுசரிக்கிறோம். ஆயர்கள் வருகிறார்கள், சாமியார்கள் வருகிறார்கள், கறுப்புக் கொடி பிடிக்கிறார்கள். அதை நான் மதிக்கிறேன். ஆனால் நம் வாயை அடைப்பதற்கு அரசு சொல்கிற வாதம் என்ன? "உங்க மதத்துலதான் சாதி இல்லியே." இந்த வாதத்தை உடைக்கவேண்டுமானால் திருச்சபை, "இருக்கிறது, எங்க கோயிலிலேயே இருக்கிறது, இன்ன இன்ன பங்கில் இருக்கிறது" என்று பட்டியல் கொடுக்கவேண்டும். கொடுத்தால், "அப்ப ஏன் இத்தன நாளா ஒழிக்கல?" என்ற கேள்வி வரும். அதனால் டெல்லியில் சாதி இருக்கிறது என்று பேசுகிறவர்கள் பங்கில் வந்து, "இங்க எல்லாரும் ஆண்டவரின் பிள்ளைகள்" என்கிறார்கள். அண்ணனை ரெண்டு பேரோடு வாழச் சொன்னார்களே, அதைப்போலத் திருச்சபையும் ரெண்டு பேரோடு வாழ்கிறது. யார் யாரை ஏமாற்றினார்கள் என்று முன்னே கேட்டேனே, அது இதுதான்.

ரோமுக்கே தெரியாது என்று இனி சொல்லமுடியாது. 2003 நவம்பரில் இரண்டாம் ஜான்பால் தமிழக ஆயர்களைச் சந்தித்தபோது, தலித்துகள் எந்தவிதத்திலும் பிரித்துவைக்கப்படக்கூடாது என்று முகத்துக்கு நேராகவே சொன்னார். சொல்லி ஐந்து வருசம்கூட ஆகவில்லை, 2008 மார்ச்சில் ஏறையூரில் என்ன நடந்தது? தலித் கத்தோலிக்கர்கள் தனிப்பங்கு கேட்டார்கள். அதில் மூண்ட மோதலில் துப்பாக்கிச்சூடு, ரெண்டு உயிர் போனது. இறந்தவர்கள் வன்னியக் கத்தோலிக்கர்கள். சாதி அவர்களையும்தான் கொன்றது. 2022 மே மாதம் தேவசகாயத்துக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். அதற்கு முன்பே வத்திக்கான் அவர் பேரிலிருந்து 'பிள்ளை'யை எடுத்துவிட்டது. இங்கே சில பேர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதே 2022 ஆகஸ்டில் ஆந்திரத்தில் பிறந்த அந்தோணி பூலா கர்தினால் ஆனார். தலித்துகளில் முதல் கர்தினால். எனக்குச் சந்தோசம்தான். ஆனால் சிவப்புத் தொப்பி ஒருவர் தலையில் ஏறியதால் எங்க ஊர் வரப்பு இறங்கவில்லை.

"இவ்வளவு தெரிஞ்சும் ஏன் தோழர் போறீங்க? பாபாசாகேப் 1956இல் வழி காட்டினாரே?" என்று கேட்கிறீர்கள். அந்த வழியில் போனவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. என் பதில் சாதாரணமானது. அந்தக் கோயில் எங்க ஆட்கள் மண் சுமந்து கட்டியது. தமிழகக் கத்தோலிக்கரில் பாதிக்கு மேல் நாம்தான். வீட்டில் பாதிக்கு மேல் இருக்கிறவன் ஏன் வெளியேறவேண்டும்? இது ஒரு காரணம். இன்னொன்று, நான் நம்புகிற இயேசு. அவரை நகரத்துக்கு வெளியே கொண்டுபோய்க் கொன்றார்கள். வாசலுக்கு வெளியே நிறுத்தப்படுவது என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். தாத்தா உட்கார்ந்திருந்த புளியமரத்தடியில் அவர் இருந்திருப்பார், ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் இருந்திருக்கமாட்டார் என்று நினைக்கிறேன். இதை நிரூபிக்க முடியாது. ஆனால் இது இல்லாமல் என்னால் பாட முடியாது.

மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த தியாபிலஸ் அப்பாவு, நாம் பரட்டை அண்ணன் என்று சொல்வோமே, 2005இல் மறைந்தார். அவர் வேறு சபைக்காரர். நாட்டுப்புற இசையில் வழிபாடு அமைத்தார். ஆனால் பாட்டோடு நிற்கவில்லை. 'ஒரே உலை' என்றார். எல்லாரும் சேர்ந்து ஒரு உலையில் பொங்கி உண்பதுதான் திருவிருந்து என்றார். திண்டுக்கல்லில் சகோதரி சந்திரா தலித் பெண்களை வைத்துச் சக்தி கலைக்குழுவைக் கட்டினார். பெண்கள் தொடக்கூடாது என்ற பறையைப் பெண்களே அடித்தார்கள். இவர்கள் இசையை மட்டும் எடுக்கவில்லை. இசையோடு சோற்றையும் உழைப்பையும் பெண்ணையும் சேர்த்து எடுத்தார்கள். அதுதான் வித்தியாசம்.

கடைசியாக, இங்கே இருக்கிற மாணவத் தோழர்களுக்கு. இப்போது பறை எங்கும் இருக்கிறது. கல்லூரி விழாவில் இருக்கிறது, சினிமாவில் இருக்கிறது, காய்ச்ச வேண்டாத பைபர் பறை கடையில் கிடைக்கிறது. 2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். எல்லாம் நல்லது. கற்றுக்கொள்ளுங்கள், அடியுங்கள். ஆனால் அடிக்குமுன் எங்க அப்பா கேட்ட கேள்வியைக் கேளுங்கள்: யார் சொல்லி அடிக்கிறோம்? அடித்து முடித்ததும் நம்மை எந்த வாசல் வழியாக அனுப்புகிறார்கள்? உங்களில் கிறித்தவர்களாக இருப்பவர்கள் ஊருக்குப் போனதும் நாலு விசயம் பாருங்கள். கல்லறைக்கு நடுவில் சுவரோ வரப்போ இருக்கிறதா? பங்குப் பேரவையில் நம்மாள் எத்தனை பேர்? தேர் எந்தத் தெருவில் திரும்பிப் போகிறது? பாடகர் குழுவில் யார் பக்கத்தில் யார் நிற்கிறார்கள்? எழுதிவையுங்கள். தேதி போட்டு எழுதிவையுங்கள். சூசையிடம் இல்லாமல்போன ஆதாரம் அதுதான்.

போன வருசக் கறுப்பு நாள் ஊர்வலத்துக்கு எங்க தெருப் பசங்க பறை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் அடிப்பதாக அவர்களே கூடி முடிவு செய்தது. ரோட்டோரம் வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அப்பாவும் வந்திருந்தார். ஒரு பையன் அவசரமாக எடுத்து அடிக்கப் போனான். அப்பா அதை வாங்கி, விரலால் தோலைச் சுண்டிப் பார்த்தார்.

"இன்னும் காயல. கொஞ்சம் பொறு" என்று திருப்பிக் கொடுத்தார்.

முப்பது வருசத்துக்கு மேல் ஆயிற்று அவர் பறையைத் தொட்டு. நான் ஒன்றும் கேட்கவில்லை. காய்ந்ததும் கிளம்பினோம்.

 ஜெய் பீம்.